முதலில் தண்ணீருக்கு இடம், அப்புறம் ஹால்

வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோட்டைத் துடைக்காதீர்கள். ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் ஹாலையோ விளையாட்டுத் திடலையோ வெள்ளத்துக்குப் பிறகு திரும்பக் கட்டப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

எங்கள் ஹாலின் சமையலறையில் அந்தக் கோடு என் தோள் உயரத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொட்டிய மழையில் ஆறு விட்டுப்போன கோடு. சுத்தம் செய்ய வந்த பிள்ளைகள் வாளியும் துணியுமாக அதைத் தேய்க்கப் போனபோது ஓடிப்போய்த் தடுத்தேன். பிறகு ஓர் உளியால் அந்த மட்டத்தில் சுவரில் ஒரு வெட்டு வெட்டி, சர்வேயரைக் கூப்பிட்டு அதன் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டோம். பின்னால் பொறியாளர், நகராட்சி அதிகாரி என்று யார் வந்து பேசினாலும் பேச்சு அந்த வெட்டிலிருந்துதான் தொடங்கியது.

நான் உத்திரமேரூர்ப் பக்கத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, 1997இல் கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் மழைநீர் வடிகாலுக்கு வரைபடம் போடும் வேலை. எங்கள் ஹால் சின்னதுதான். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, மாலையில் பரதம், கராத்தே, வெளியே நெட்பால் திடல், ஆடி மாதம் கூழ், துக்க வீட்டுச் சாப்பாடு எல்லாம் அங்கேதான். அதைத் திரும்ப எழுப்பியபோது கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

அதே இடத்தில் கட்டலாமா?

இந்தக் கேள்வியைக் கமிட்டியில் யாரும் கேட்க விரும்ப மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் நம்மவர்கள் எழுப்பிய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பிறகு 1947இல் கேட்டோ மேனரில், வேறு இடத்தில், அம்பலவாணர் ஆலயம் எழுந்தது. உம்கேனி ஆற்றோரம் ஸ்பிரிங்ஃபீல்டில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவர்களை 1917 அக்டோபர் 28 வெள்ளம் வாரிக்கொண்டபோது, படவட்டான் குழுவைச் சேர்ந்த ஆறு மீனவர்கள் படகில் போய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் டின் டவுன் குடியிருப்பு 1976இல் மறுபடி மூழ்கியது, அங்கிருந்தவர்களை ஃபீனிக்ஸுக்குக் குடிபெயர்த்தார்கள். ஆறு தன் இடத்தை மறப்பதில்லை. உங்களுக்கு மேட்டில் நிலம் கிடைக்கும் என்றால் தயங்காமல் போய்விடுங்கள்.

எங்களுக்குக் கிடைக்கவில்லை. சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் சரிவும். சமதளம் என்று இருப்பது ஆற்றோரம் மட்டும்தான். காவடிக்கும் கரகத்துக்கும் ஆறு வேண்டும் என்பது பெரியவர்களின் பேச்சு. அதனால் அதே மனைதான், ஆனால் அதே ஹால் இல்லை என்று முடிவெடுத்தோம்.

மழையில் நடந்து பாருங்கள்

வரைபடம் போடுவதற்கு முன்னால் ஒரு நல்ல மழைநாளில் குடை பிடித்துக்கொண்டு மனையைச் சுற்றி நடக்க வேண்டும். நாங்கள் நவம்பரில் ஒரு சாயங்காலம் ஆறு பேர் போனோம். கையில் போன். எங்கே தண்ணீர் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே சுழல்கிறது என்று படம் எடுத்துக்கொண்டே போனோம்.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் புரிந்தது. ஹாலின் பின்கதவு வழியாக வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் உள்ளே வரும். எல்லோரும் ஆற்றைத்தான் திட்டுவோம். ஆனால் ஆறு அன்றைக்கு ரொம்பக் கீழே, அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வந்தது மேலே இருந்த தெருவிலிருந்து. தெருமுனைக் கேட்ச்பிட்டின், அதாவது சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் குழியின் வாயில் ஒரு மக்காச்சோள மாவுச் சாக்கு அப்பிக்கொண்டு கிடந்தது. அதைச் சுற்றி பாட்டில், இலை, சிப்ஸ் கவர். குழிக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் அத்தனையும் சாலையோரக் கல்லைத் தாண்டி, எங்கள் வேலிக்குள் நுழைந்து, நேராகப் பின்கதவுக்கு வந்தது. மாமா ஒருவர் சாக்கை இழுத்துப் போட்டார். குழி ஒரு பெரிய உறிஞ்சல் சத்தத்தோடு தண்ணீரை விழுங்கியது. ஐந்து நிமிஷத்தில் பின்கதவில் ஒன்றும் இல்லை.

ஆக, ஆற்றோரக் கட்டடத்துக்கு வருவது இரண்டு தண்ணீர். மேலே தெருவிலிருந்து இறங்குவது ஒன்று, கீழே ஆற்றிலிருந்து ஏறுவது இன்னொன்று. தெருத் தண்ணீருக்கு நாம் வழி அமைத்துக் கொடுக்கலாம். ஆற்றுத் தண்ணீருக்கு விலகி நிற்பதுதான் ஒரே வழி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் பணம் முழுக்கத் தவறான இடத்தில் போய்விடும். எங்கள் கமிட்டியில் ஆற்றோரம் உயரமாகச் சுவர் எழுப்பலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படிச் செய்திருந்தால் தெருத் தண்ணீர் வெளியே போக முடியாமல் உள்ளேயே குளம் கட்டியிருக்கும்.

நடக்கும்போது உங்களுக்குக் கீழே குடியிருப்பவர்களையும் கேளுங்கள். ஆற்றோரக் குடிசைகளில் இருக்கும் ஒரு கோகோ, ஜூலுவில் பாட்டியை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம், எங்களை ஒரு வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போய், கிளையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் கிழிசலைக் காட்டினார். ஆற்றின் வேகம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கு எந்த வரைபடத்திலும் இல்லாத சாட்சி அது. நம் மனையிலிருந்து வேகமாக வெளியேற்றும் தண்ணீர் முதலில் போய் விழுவது அவர் வீட்டு வாசலில். அவர்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் கமிட்டியில் இல்லாமல் வடிகால் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

குடக் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூரை 450 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 45,000 லிட்டர். 5,000 லிட்டர் ஜோஜோ டேங்கில், அதாவது இங்கே எல்லோரும் வைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்தால் ஒன்பது டேங்க். 2022 ஏப்ரலில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படியென்றால் 1,35,000 லிட்டர், இருபத்தேழு டேங்க். நிற்க வைக்கக்கூட இடம் இல்லை. அதனால் கழிவறைக்கும் செடிக்கும் இரண்டு ஜோஜோ வைத்துக்கொண்டு, மீதியைத் தரையில் தாங்க ஏற்பாடு செய்யுங்கள். மழைக்கு முன்பே நிரம்பியிருக்கும் டேங்கால் வெள்ளத்துக்கு ஒரு பயனும் இல்லை.

எங்கள் ஊரில் பெரிய ஏரிக்குத் துணையாக இருக்கும் சின்ன நீர்நிலையைத் தாங்கல் என்பார்கள். ஹாலுக்கு நான் போட்டது அதுதான். நெட்பால் திடல் 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம், சுமார் 465 சதுர மீட்டர். அதைச் சுற்றியுள்ள தரையைவிட 30 சென்டிமீட்டர் தாழ்த்தினோம். இப்போது அது கிட்டத்தட்ட 1,39,000 லிட்டர் தாங்கும். கூரையில் ஒரு நாள் முழுக்க விழும் பெருமழை, பிள்ளைகள் விளையாடும் திடலுக்குள் அடங்கிவிடும். திடலிலேயே விழும் மழையும் உண்டு, ஆனால் அது தாங்கிக்கொண்டே வடிந்துகொண்டும் இருக்கும். அடியில் 100 மில்லிமீட்டர் குழாய் ஒன்றுதான் மடை. நிறைந்த திடல் வடிய ஏழெட்டு மணி நேரம் ஆகும். குழாயைப் பெரிதாகப் போட்டால் சீக்கிரம் வடியுமே என்று கேட்டார்கள். சீக்கிரம் வடிந்தால் கோகோவின் வாசலுக்குச் சீக்கிரம் போகும். மெதுவாக விடுவதுதான் தாங்கலின் வேலை.

மடையின் வாயில் கம்பி வலை, அதற்கு முன்னால் வண்டல் தங்க ஒரு குழி. திடலின் ஒரு மூலையில், கரையைக் கொஞ்சம் தாழ்த்திக் கல் பாவிய கலிங்கு. எவ்வளவு கணக்குப் போட்டாலும் அதை மிஞ்சும் மழை ஒன்று வரும். அப்போது எங்கே வழிய வேண்டும் என்பதைக் கலிங்குதான் முடிவு செய்கிறது. கலிங்கு இல்லாத கரை, தன் பலவீனமான இடத்தில் தானே உடைத்துக்கொள்ளும். திடலின் ஓரங்கள் செங்குத்தாக வேண்டாம், நடந்து ஏறும் சரிவாக இருக்கட்டும். 30 சென்டிமீட்டர் தண்ணீரிலும் கைக்குழந்தைக்கு ஆபத்து உண்டு. மழை நாளில் பூட்ட ஒரு கேட் போடுங்கள்.

இனி தெருத் தண்ணீர். எங்களுக்கு மேலே ஒரு ஹெக்டேர் வீடும் சாலையும். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை, அதில் பத்தில் ஏழு பங்கு ஓடிவருகிறது என்று வைத்தால், நொடிக்கு 117 லிட்டர். நொடிக்கு ஆறு குடம்! அதைத் தாங்கலுக்குள் விட்டால் இருபதே நிமிஷத்தில் நிரம்பிவிடும், பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும். ஆகவே அதற்குத் தனி வழி. கட்டடத்தை ஒட்டாமல் மனையின் ஓரமாக 450 மில்லிமீட்டர் கான்கிரீட் குழாய். அதற்கு மேலேயே தரையில் ஆழமில்லாத அகலமான புல் வாய்க்கால். சாதாரண மழை குழாய்க்குள் போகும். குழாய் அடைத்தாலோ பெருமழை வந்தாலோ புல் வாய்க்காலில் போகும். கதவுப் பக்கம் வர அதற்குக் காரணமே இருக்கக் கூடாது. மின்சாரப் பம்பை நம்பி எதையும் அமைக்காதீர்கள். பெருமழையில் முதலில் போவது கரண்ட்.

டென்னிஸ் பந்து

குழாய் புதைக்கும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் விட்டோம். ஐந்து குழாய், ஒவ்வொன்றும் 2.44 மீட்டர், நூறுக்கு ஒன்று சாய்வு. அதாவது மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவே 12 சென்டிமீட்டர் இறக்கம் இருக்க வேண்டும். பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மூடுவதற்கு முன்னால் ஒரு டென்னிஸ் பந்தை மேலே போட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். பந்து ஓடி, மூன்றாவது குழாயில் நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது. அடியில் மணல் மெத்தையை ஒழுங்காகத் திமிசுக்கட்டை போட்டு இறுக்காமல் விட்டதால் மூன்றாவது குழாய் உட்கார்ந்துவிட்டிருந்தது. அப்படியே மூடியிருந்தால் ஒவ்வொரு மழையிலும் அங்கே வண்டல் படிந்து, இரண்டே வருஷத்தில் குழாய் பாதி அடைத்திருக்கும். தோண்டி எடுக்க வைத்தோம். கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது, பரவாயில்லை. மண் மூடுவதற்கு முன் பந்து கீழ்முனையில் வந்து விழுவதைக் கமிட்டியில் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆற்றில் போய்ச் சேரும் முனையையும் கவனியுங்கள். குழாய் ஆற்றை நேராகக் குத்தாமல், ஓட்டத்தின் திசையில் சாய்ந்து சேர வேண்டும். விழும் இடத்தில் பெரிய கற்களைப் பரப்ப வேண்டும், இல்லையென்றால் கரையை அரித்துவிடும். ஆறு ஏறும்போது குழாய் வழியாகவே உள்ளே வரப் பார்க்கும், அதைத் தடுக்க ஃப்ளாப் வால்வு, வெளியே மட்டும் திறக்கும் மூடி. ஆனால் அது மூடியிருக்கும் நேரம் நம் தண்ணீரும் வெளியே போகாது. தாங்கலும் கலிங்கும் புல் வாய்க்காலும் வேண்டும் என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வது அந்த நேரத்துக்காகத்தான்.

கரைக்குக் கம்பிக் கூடையில் கல் அடுக்கும் கேபியன் நன்றாக நிற்கும். பின்னால் ஜியோடெக்ஸ்டைல் துணி போடாவிட்டால் மண் கல் இடுக்கு வழியாகக் கரைந்து போய்விடும். டர்பன் மேடுகளில் இருக்கும், பெரியா (Berea) எனப்படும் செம்மண் என்றால் இன்னும் கவனம், தண்ணீர் பட்டால் சர்க்கரை மாதிரி கரையும். சரிவின் தலையில் உறிஞ்சுகுழி தோண்டாதீர்கள், கரையே சரிந்துவிடும். மேல்கரையில் வெட்டிவேர் நடலாம், ஆங்கிலத்திலும் அதற்கு நம் தமிழ்ப் பெயர்தான். தண்ணீரோரம் இந்த மண்ணின் நாணலும் கோரையும் போதும்.

ஹாலின் முகத்தைத் திருப்புங்கள்

எங்கள் பழைய ஹால் ஆற்றைப் பார்த்து இருந்தது. புதியது தெருவைப் பார்க்கிறது. அழகுக்காகச் செய்ததில்லை. மனை சரிவாக இருப்பதால் தெரு மட்டம் ஆற்றோரத்தைவிட ஒரு மாடி உயரம். ஹாலைத் தூண்களின் மேல் தூக்கி, தெருவிலிருந்து நேராக உள்ளே நடக்கும்படி செய்தோம். ஆற்றுப்பக்கம் நுழைவாசல் வைத்து 2.4 மீட்டர் ஏற்ற வேண்டும் என்றால், பன்னிரண்டுக்கு ஒன்று சாய்வில் கிட்டத்தட்ட 29 மீட்டர் சாய்தளம் கட்டியிருக்க வேண்டும். இப்போது சக்கர நாற்காலியில் வரும் ஆயாக்கள் ஒரு படிகூட ஏறுவதில்லை.

தரைமட்டம் எவ்வளவு உயரம்? நூறாண்டு வெள்ள மட்டத்தைப் பொறியாளர் சொல்வார். நூறாண்டு என்றதும் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அர்த்தம். முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26. அதோடு, 2022 ஏப்ரல் மாதிரி மழை முன்பு 40 வருஷத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தது, பூமி சூடாகிவிட்டதால் இப்போது 20 வருஷத்துக்கு ஒருமுறை என்று காலநிலை ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய வெள்ள மட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். நாங்கள் பொறியாளர் சொன்ன மட்டம், சுவரில் வெட்டிய கோடு, இரண்டில் எது உயரமோ அதற்கு மேல் இன்னும் அரை மீட்டர் வைத்தோம்.

தூண்களுக்கு நடுவே சுவர் வேண்டாம். ஆறு வந்தால் புகுந்து போகட்டும். அங்கே தவில் பயிற்சி, வண்டி நிறுத்தம், ஆடிக் கூழ் ஊற்றும் அடுப்பு. அஸ்திவாரம் மட்டும் ஆறு அரிக்கும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். இதில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். கீழ்த்தளத்தில் டிபி போர்டு என்னும் மின்சாரப் பலகை, பிளக், பலகை அலமாரி, ஜிப்சம் எதுவும் கூடாது. கழிவுநீர்க் குழாயில் திரும்பிவராத வால்வு போடுங்கள், வெள்ளத்தில் கழிவறைதான் முதலில் பொங்கும். நாற்காலி, பாத்திரம் வைக்க ஒரு பழைய கப்பல் கன்டெய்னரைக் கீழே நிறுத்தலாம் என்று ஆசை வரும். 2022இல் கன்டெய்னர்கள் மிதந்து போய் என்2 நெடுஞ்சாலையில் கிடந்ததை இந்த ஊர் முழுக்கப் பார்த்தது. காலி ஜோஜோவும் மிதக்கும், பட்டை போட்டுக் கட்டுங்கள்.

காவடிக்குப் படித்துறை வேண்டும் என்றால், அதை வடிகால் முனைக்கு மேல்பக்கம், தள்ளி வையுங்கள். கீழ்ப்பக்கம் வைத்தால் தெரு அழுக்கில்தான் கரகம் ஜோடிக்க வேண்டிவரும். படித்துறையில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும் வேண்டும். கழிவுநீர் கலந்த ஆற்றில் பிள்ளைகள் முகம் கழுவுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அனுமதி விஷயம் சுருக்கமாக. 1998 தேசியத் தண்ணீர்ச் சட்டம், ஆற்றுக்கு 32 மீட்டருக்குள் வேலை செய்தால் சுற்றுச்சூழல் விதிகள், நகராட்சிக் கட்டட அனுமதி, இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். கட்டடத்துக்கு 60 வயது தாண்டிவிட்டதென்றால் இடிப்பதற்கு முன் பாரம்பரியத் துறை அனுமதியும் வேண்டும். சாட்ஸ்வொர்த் உருவானதே 1960களில்தான், ஆகவே பல பழைய கட்டடங்கள் இப்போது அந்த வயதைத் தொடுகின்றன. மண் வேலையை ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முடியுங்கள். மே மாதத்தை நம்பாதீர்கள், 2022இல் மே 21, 22 தேதிகளிலும் மறுபடி கொட்டியது. முதலில் குழாய், தாங்கல், கரை. அதற்கப்புறம்தான் ஹாலுக்குத் தூண். பணம் நடுவில் தீர்ந்துபோனாலும் தண்ணீர் வழி முடிந்திருக்கும்.

வாரியம்

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஏரி வாரியம் என்று ஒரு குழு வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள், குடவோலையில் தேர்வு, ஒரு வருஷம்தான் பதவி. எங்கள் கமிட்டியில் இதைச் சொன்னதும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. வடிகாலுக்குத் தனி வாரியம் போட்டோம். வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி ஆறு பேர், அதில் இரண்டு பேர் ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து. மாதத்தின் முதல் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு முன்னால் தெருமுனைக் கேட்ச்பிட், வலை, வண்டல் குழி மூன்றையும் திறந்து தூர் வார வேண்டும். செப்டம்பரில், மழைக்காலத்துக்கு முன், ஃப்ளாப் வால்வைக் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். யார் செய்தார்கள் என்று பலகையில் பெயர் எழுத வேண்டும். பெயர் எழுதும் இடம் இல்லாவிட்டால் வேலை நடக்காது, இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கேட்ச்பிட் மூடி தூக்கும் இரும்புக் கொக்கி இரண்டு வாங்குங்கள். ஒன்று ஹாலில் இருக்கட்டும். இன்னொன்று தெருவின் மேட்டில் இருக்கும் ஒருவர் வீட்டில், வாசல் ஆணியில் தொங்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மழை கொட்டும்போது கீழே ஹாலுக்கு வந்து கொக்கி எடுத்துப் போக யாராலும் முடியாது.